மூன்றாம் மாடியில் அடித்தது யார்?

"மூணாம் மாடி வீட்டுல அடிச்சது நீதானே? பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடு."

இன்ஸ்பெக்டர் போனில் அவ்வளவுதான் பேசினார். பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கினான்.

முந்தாநாள் அந்த மூன்றாம் மாடி வீட்டில் வேலை முடித்துச் சாமான்களை இறக்கும்போது, வீட்டுக்காரரின் புதுச் செருப்பில் பெயிண்ட் சொட்டிவிட்டது. அவர் குடையை ஓங்கினார். இவன் கையிலிருந்த ரோலர் அவர் தாடையில் போய் இறங்கியது. திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டான்.

வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்றே நாள். பிள்ளை பிறக்கும் நேரத்தில் அப்பன் லாக்கப்பில் கம்பி எண்ணுவதா?

அவளிடம் மூச்சு விடாமல், அவள் அண்ணனைத் தேடி ஓடினான். அவர் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. வக்கீலே அவரிடம் சந்தேகம் கேட்பார் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"பயப்படாதீங்க மாப்ளே. மூணு படி இருக்கு. முதல்ல, அடிக்கவே இல்லைன்னு சொல்லுங்க. நம்பலைன்னா, கை தவறிப் பட்டுடுச்சு. அதுக்கும் மசியலைன்னா தற்காப்பு."

"தற்காப்புன்னா?"

"அவர் குடையை ஓங்கினார், நீங்க பயந்தீங்க. பயந்த அளவுக்கு மட்டும் அடிச்சீங்க. அதுக்கு மேல ஒரு அடி போனாலும் உள்ளதான்."

"பயந்த அளவை எப்படி மச்சான் அளக்கிறது?"

"அதையெல்லாம் அவங்க அளந்துக்குவாங்க. வாங்க, நானும் வரேன்."

ஸ்டேஷனில் ஏட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் பெயிண்டர் மூன்று படியையும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"வீட்டுக்காரர்தான் வாயே திறக்காம உன் நம்பரை எழுதிக் கொடுத்தார். நீதானேப்பா அடிச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் அடிக்கவே இல்ல சார்."

"அப்ப யாரு அடிச்சது? அந்த ஆளைக் கூட்டிட்டு வா. எங்களுக்கு அவன்தான் வேணும்."

பெயிண்டர் திரும்பி மச்சானைப் பார்த்தான். மச்சான் வாசல் பக்கமாக இரண்டடி நகர்ந்தார். இவன் இரண்டாம் படிக்குத் தாவினான்.

"நான்தான் சார். கை தவறிப் பட்டுடுச்சு."

"கை தவறி அடிச்சதே இப்படின்னா, ஒழுங்கா அடிச்சா எப்படி இருக்கும்? நேத்து நேர்ல போய்ப் பார்த்தேன்யா. ஒரு இடம் விடலையே நீ."

பெயிண்டர் மனசுக்குள் கணக்குப் போட்டான். தாடையில் ஒரே ஒரு இடம்தானே? மற்ற இடமெல்லாம் யார் அடித்தது? எவனோ போட்ட அடியையும் சேர்த்து இவன் தலையில் கட்டுகிறார்களா?

"ஒரே ஒரு தடவைதான் சார் அடிச்சேன். சத்தியமா."

"ஒரே தடவையா? பொய் சொல்லாதே. ரெண்டு தடவையாவது அடிக்காம அப்படி வராது. கூட ஆள் இருந்துச்சா?"

மச்சானின் ஒரு கால் வாசலுக்கு வெளியே போய்விட்டது. மூன்று நாள். பிரசவ வார்டு. லாக்கப். எல்லாம் ஒன்றாகச் சுழன்றன.

"ஆள் யாரும் இல்ல சார்," என்று கும்பிட்டான். "தற்காப்புக்காக அடிச்சேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எதுக்காக?"

"தற்காப்பு சார். வீட்டுக்காரர் குடையை ஓங்கினார். எனக்கு உசிரே போயிடுச்சு. ரோலராலே தாடையில ஒண்ணு விட்டேன். பயந்த அளவுக்குத்தான் சார். வேணும்னா எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு பேனாவை மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, நம்ம ஸ்டேஷனுக்கு வெள்ளை அடிக்கத்தானே இவரைக் கூப்பிட்டோம்?"