குறைத்துக் கொடுத்த உயரம்

மனித குலம் நிலவை அண்ணாந்து பார்த்தே காலத்தை ஓட்டியது. அதன் தோளில் கை போடும் துணிச்சல் பிறந்தது எங்கள் விண்வெளி மையத்தின் கூட்ட அறையில்தான். மைக் வேலை செய்யவில்லை, ஆனாலும் பிறந்தது. நான் அங்கே விளம்பர அதிகாரி. அறிக்கைகளில் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று சேர்ப்பது என் பொறுப்பு.

எங்கள் விண்கலம் ஒரு வால்நட்சத்திரத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கே பாதி ஆயுளை எழுதிவைத்த பாதைக் கணக்குப் பொறியாளர் அம்மா எழுந்தார்.

"சார், பாதையைக் கொஞ்சம் திருப்பினா நிலாவை ஒட்டிப் போகலாம். அது இழுத்து வீசுற வேகத்துல எரிபொருள் மிச்சம். முன்னூறு கிலோமீட்டர் உயரம் போதும்."

"முன்னூறா? பக்கத்து நாட்டுக்காரன் நூறுல போயிட்டானேம்மா!" இயக்குநர் துடித்தார். "எண்பது போடு."

துணை இயக்குநர் விடுவாரா? "எண்பது கேக்கவே நல்லா இல்ல சார். ஐம்பது."

எதைக் கேட்டாலும் பாதியாக்கும் நிதி அதிகாரி, "இருபத்தஞ்சுல முடிங்க" என்றார்.

"சார், இது காய்கறிக் கடையா? வழியில ஆறு கிலோமீட்டர் உயரத்துக்கு மலை இருக்கு!"

"மலையா? யாரு அனுமதி கொடுத்தா?" நிர்வாக அதிகாரி கொதித்தார்.

இயக்குநர் கனிந்தார். "சரிம்மா, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அஞ்சு!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொறியாளர் அம்மா தலையில் கை வைத்திருந்தார்; அதுவும் தூக்கிய கையாகவே எண்ணப்பட்டது. கட்டளையை அனுப்ப அவர் மறுத்ததால், இயக்குநரே பொத்தானை அழுத்தினார். புகைப்படத்துக்காக இன்னொரு முறையும் அழுத்தினார்.

அந்த நாளும் வந்தது. திரையில் நிலா பெரிதானது, கைதட்டினோம். மலை பெரிதானது, கைதட்டினோம். திரை கறுத்தது. இயக்குநர் நிறுத்தாததால் நாங்களும் தட்டிக்கொண்டே இருந்தோம். 'நிலவை இதைவிட நெருங்க இனி எவராலும் முடியாது' என்று அறிக்கை எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"என் வால்நட்சத்திரம்..." என்றார் அந்த அம்மா.

"விடும்மா, அது எங்க போயிடப்போவுது? சுத்தி வரும்" என்றார் இயக்குநர்.

விசாரணைக் குழு அமைந்தது. அதே மேசை, அதே நாங்கள். பாரபட்சமே கிடையாது, எல்லோரிடமும் ஒரே கேள்வி: "மலை இருப்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"இந்தம்மா சொல்லிக் கேள்விப்பட்டதுதான்" என்றார் இயக்குநர். மற்றவர்களும் அப்படியே. எல்லோரும் நிரபராதிகள்.

"எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றார் பொறியாளர் அம்மா.

குற்றவாளி கிடைத்துவிட்டார். அன்றே வேலையைவிட்டு நீக்கினோம்.