தவளைக்கு வெயில் வைத்தியம்

சுருவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் றஞ்சனிக்கு,

அப்பா எமிலியானுஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். உன் தவளைகளின் சுகம் பற்றித்தான் இக்கடிதம். போனில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். அவ இப்போது என்னோடு கதைப்பதில்லை, காரணம் கீழே.

நீ ஆராய்ச்சி விஷயமாகப் பேராதனைக்குப் போகும்போது, முதுகில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்த மூன்று தவளைகளையும் என்னிடம் ஒப்படைத்து, "மருந்து ஒண்டும் பூசாதேங்கோ அப்பா. இது தொத்து வருத்தம், வேற தவளையளோட சேர விடாதேங்கோ. சூடு பட்டால் பூஞ்சணம் சாகும். ஓட்டை வைச்ச சீமெந்துக் கல்லுக்குக் கறுப்பு மை அடிச்சு வெயிலில வையுங்கோ, அதுகள் தானாய்ப் போய் இருக்கும்" என்றாய். தண்ணீரில் கொஞ்சம் உப்பும் போடச் சொன்னாய். நம் கிணறே உவர் என்றபடியால் அதை விட்டுவிட்டேன். கற்களைக் கிணற்றடியில் அடுக்கி, தவளைகள் உள்ளே போனதைக் கண்ணால் கண்டபின்தான் மீன் வாங்க ஊர்காவற்றுறைக்குப் போனேன். திரும்பி வந்தால் கற்கள் இல்லை! குசினிச் சுவர் கட்ட வந்த மேசன் ஜெகதீஸ், கல் போதாமல் அவற்றையும் அள்ளிப்போய் வைத்துக் கட்டியிருக்கிறான். பின்னேரச் செபமாலையில் அம்மா "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, சுவர் "கொர்ர்" என்று மறுமொழி சொன்னது.

"ஆரப்பா அது?" என்றா அம்மா.

"உம்மட மோளின்ர தவளை."

"புதுச் சுவரில கை வைச்சியளெண்டால் இனிச் சோறு கிணத்தடியிலதான்!"

நான் என்ன செய்வேன் பிள்ளை? உன் படிப்பெல்லாம் சுவருக்குள் இருந்து கத்துது. அலவாங்கால் ஒரு கல்லை உடைத்தேன். மூன்றும் வெளியே பாய்ந்தன, ஒன்று சொதிச் சட்டிக்குள். நீ நம்பமாட்டாய், ஒன்றின் முதுகிலும் புள்ளி இல்லை, பளபளவென்றிருக்கின்றன! ஒரே பகலில் குணம்! கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுப் பத்திநாதர், தன் சேற்றுப்புண் காலை சுவரில் வைக்காமல் மிஞ்சிக் கிடந்த கறுப்புக் கல் ஒன்றுக்குள் நுழைத்துவிட்டு, இப்போது இழுக்க ஏலாமல் முற்றத்தில் இருக்கிறார்.

உனக்குப் பெரிய பட்டம் கிடைக்கவும், அம்மா என்னோடு கதைக்கவும் மாதா இரங்குவாராக. வாளிக்குள் இருக்கும் மூவர் சார்பிலும் முத்தங்கள்.

அன்பு அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் எழுதுகிறேன். சுவர் திரும்பவும் கத்தியது. அடுத்த கல்லையும் உடைத்தேன். உள்ளே மூன்று தவளைகள், முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு. அப்படியென்றால் முந்தி வந்தவை ஆருடையவை என்று தெரியவில்லை. அவசரத்தில் ஆறையும் ஒரே வாளிக்குள் விட்டுவிட்டேன்.