பன்னிரண்டைக் கேட்டால் முப்பத்தேழு

பன்னிரண்டாம் நம்பர் பாட்டிலின் தலையில் ஆன்டெனாவை வைத்தான் இளைய மாப்பிள்ளை. திரையில் முப்பத்தேழு என்று வந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி வைத்தான். முப்பத்தேழு. பதின்மூன்றில் வைத்தான். ஐம்பத்திரண்டு. மணி பதினொன்று. ஆஸ்பத்திரியின் தலைமை மருந்தாளர் அம்மாள் இதைச் சோதித்துப் பார்க்க மூன்று மணிக்கு வருகிறார்.

மேசைமேல் ஒரு தட்டில் அறுபது காலி மருந்து பாட்டில்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. கழுத்தில் தன் நம்பரை அலையில் சொல்லும் நக அளவு டேக், மூடியில் அதே நம்பர். ஆன்டெனாவை எதன்மேல் வைக்கிறோமோ அது மட்டும் வாயைத் திறக்க வேண்டும். முன்பெல்லாம் ஒன்றைக் கூப்பிட்டால் அறுபதும் கோரஸாக ஆஜர் சொல்லும். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு புதிய ஆன்டெனா செய்திருந்தான். உள்ளே பொடிக் கம்பிச்சுருள், அதைச் சுற்றி எதிர்த்திசையில் இன்னொன்று. அக்கம்பக்கம் போகிற அலையை வெளிச்சுருள் அடித்துவிடும். கணக்கு அப்படித்தான் சொன்னது.

"என்ன சகலை, வேற யாரோ பேசறாங்க போலிருக்கே?" என்று எட்டிப் பார்த்தான் மூத்த மாப்பிள்ளை. விற்பனைப் பிரிவு. ஆன்டெனாவுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

"டேக் எல்லாம் நெருக்கி நிக்குதில்ல? ஒண்ணோட அலை இன்னொண்ணுல ஏறி ஆளை மாத்துது."

"பக்கத்து வீட்டுக்காரன் பேசினா சரி. இது மூணு தெரு தள்ளி இருக்கறவனில்ல பேசறான்!"

இந்த நக்கலைத்தான் இளையவனால் தாங்க முடியாது. கம்பெனி மாமனாருடையது. இன்று சொதப்பினால் இந்த வேலை சகலை கைக்குப் போய்விடும். அப்புறம் குடும்பத்தில் நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் இவன் தலையைத்தான் உருட்டுவார்கள்.

சாப்பாடு சுற்றி வந்த அலுமினியத் தாளை நீட்டி, "இதைப் போட்டு மூடிப் பாரேன்" என்றான் சகலை.

மூடினான். ஆன்டெனா வாயடைத்துப்போனது. தாளில் காசளவு ஓட்டை போட்டான். முப்பத்தேழு.

பவரைக் குறைத்தான். முப்பத்தேழு, கொஞ்சம் தயங்கி. இன்னும் குறைத்தான். ஒன்றுமே வரவில்லை. எரிச்சலில் வெளிச்சுருளில் நாலு சுற்று கூடச் சுற்றப்போய்க் கம்பி பட்டென்று அறுந்தது. சூடு வைத்து ஒட்டி, விரலையும் சுட்டுக்கொண்டு, பழையபடி நிறுத்துவதற்குள் மணி இரண்டரை.

"பன்னெண்டு!" என்று கெஞ்சினான்.

முப்பத்தேழு.

அப்போதுதான் அவனுக்குப் புத்தி கெட்டது. புரோகிராமைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தான். எந்த டேக் பதில் சொன்னாலும் திரையில் இருபத்துநாலு என்று காட்டு.

"சகலை, அந்தம்மா இருபத்துநாலை எடுக்கற மாதிரி பேசி விடணும். உன் வேலைதானே அது?"

"கவலையை விடு" என்றான் சகலை. அதைக் கேட்டதும் இவனுக்குக் கவலை கூடிவிட்டது.

மருந்தாளர் அம்மாள் வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் டேக் பதித்த ஆஸ்பத்திரி அட்டை. பின்னாலேயே மாமனார், புதுச் சட்டையில்.

"மேடம், உங்களைப் பார்த்தா இருபத்துநாலுதான் ராசின்னு தோணுது" என்று ஆரம்பித்தான் சகலை.

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இருபத்துநாலில் ஆன்டெனாவை வைத்தார். இருபத்துநாலு. மாமனார் முகம் மலர்ந்தது.

அம்மாள் நாற்பத்தொன்றில் வைத்தார். இருபத்துநாலு. ஆறில் வைத்தார். இருபத்துநாலு. மாமனார் இருமினார். அம்மாள் நிதானமாகத் தன் கழுத்து அட்டையைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

இருபத்துநாலு.

"நானும் மருந்துதானா?" என்றார் அம்மாள். "எத்தனை வேளை சாப்பிடணும்?"

இளைய மாப்பிள்ளைக்கு அவமானத்தில் காது சுட்டது. "தப்புதான் மேடம். புரோகிராம்ல ஒரு வரி நான் சேர்த்தேன். ஆன்டெனா பொய் சொல்லல, நான்தான்..."

"அந்த வரியை எடுங்க. நிஜமா என்ன படிக்குதுன்னு பார்ப்போம்."

எடுத்தான். பன்னிரண்டில் வைத்தான். முப்பத்தேழு.

மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு மாசம்! ஒரு மாசமா கம்பி சுத்தறேன் கம்பி சுத்தறேன்னு சொல்லி இதைத்தான் கிழிச்சீங்களா மாப்பிள்ளை? போதும். நாளையிலேருந்து பெரிய மாப்பிள்ளை பார்த்துக்கட்டும். பாட்டில்மேல வெச்சா பாட்டில் நம்பர் வரணும். இதுல அப்படி என்ன கஷ்டம்?"

சகலை பணிவாக முகத்தை வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டான்.

காலி டம்ளர்களை எடுக்க வந்த துப்புரவு அக்கா தட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமனாரிடம் திரும்பினார்.

"ஐயா, நேத்து சாயங்காலம் 'மேடம் வர்றாங்க, மூடியெல்லாம் ஒரே தூசி, கழட்டிக் கழுவு'ன்னு சொன்னீங்களே... எந்த மூடி எந்தப் பாட்டிலுக்குன்னு நான் கேட்டதுக்கு, 'எல்லா மூடியும் ஒண்ணுதான், சும்மா மாட்டு'ன்னுட்டீங்க."