குவாக் சாரின் முத்திரை

"நீயே எழுதிடும்மா. கடைசியில என் முத்திரையைக் குத்தி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் குவாக் கருத்தரங்குக்குப் பறந்துவிட்டார். வருடத்தில் நானூறு நாள் கருத்தரங்குக்குப் போகிறவர் அவர்.

டுல்மா அவருடைய ஆய்வு மாணவி. மங்கோலியாவிலிருந்து தென்கொரியாவின் தேஜோன் நகருக்கு வந்து, சோயா விழுதில் வளரும் பூஞ்சையை ஆராய்கிறவள். முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. உதவித்தொகையை அந்த ஒரு வருடம் நீட்டிக்க வேண்டுமானால், பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் சியோலில் உள்ள குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சையை அம்போவென்று விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தன்னைப் பற்றித் தானே மூன்று வரி எழுதினாள். ஆய்வகத்தின் மூத்த மாணவி இன்சூக் அதைப் பிடுங்கி வாசித்தாள்.

"'டுல்மா தவறாமல் வருகிறாள். இரண்டு முறை குடுவையை உடைத்தாள். இப்போது உடைப்பதில்லை.' என்னடி இது? ஜெயில்லேர்ந்து வெளிய விடறப்பதான் இப்படி எழுதிக் குடுப்பாங்க!"

"பொய் எழுதக் கூச்சமா இருக்கு அக்கா."

"பொய்யை யாரு எழுதச் சொன்னா? உண்மைக்குக் கொஞ்சம் சோறு போடு. எலும்பும் தோலுமா நிக்குது பாவம்."

இன்சூக் அதற்குப் போட்டது சோறு அல்ல, பதினெட்டு வகை விருந்து. 'என் முப்பதாண்டு அனுபவத்தில் இப்படியொரு மூளையைக் கண்டதில்லை. இவள் எட்டிப் பார்த்தால் பூஞ்சையே எழுந்து நிற்கிறது. இவள் இல்லாவிட்டால் இந்த ஆய்வகத்துக்குப் பூட்டுதான்.' இழுப்பறையிலிருந்து முத்திரை வந்தது. சிவப்பு மையில் ஒரு 'டப்'.

நாலாம் நாள் குழுத்தலைவரின் முத்திரையோடு பதில் வந்தது. 'அப்படிப்பட்டவருக்கு உங்கள் ஆய்வகமே சம்பளம் கொடுக்கலாமே? எங்கள் உதவி எதற்கு? விளக்கவும்.'

டுல்மா தொலைபேசியில் அலறினாள். "சார், குழுவுல விளக்கம் கேக்கறாங்க!"

"விளக்கமா? அதையும் நீயே எழுதிடும்மா. இங்க என்னை மேடைக்குக் கூப்பிடறாங்க."

இந்த முறை பயத்தில் அவளே எழுதினாள். 'முந்தைய கடிதம் சற்று மிகை. டுல்மா இல்லாமலும் ஆய்வகம் நடக்கும். சொல்லப்போனால் நிம்மதியாக நடக்கும்.' டப்.

பதில் பறந்து வந்தது. 'பிறகு எதற்கு நீட்டிப்பு? பத்தே நாளில் ஒரே மாணவியைப் பற்றி இரண்டு கருத்துகள். பேராசிரியர் நலமாகத்தானே இருக்கிறார்?'

"அக்கா, சாருக்குப் பைத்தியமான்னு கேக்கறாங்க!"

"நாங்க எட்டு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். அதையே பிடிச்சுக்கோ. உடம்பு சரியில்லைன்னு போடு."

போட்டாள். முதல் கடிதம் எழுதும்போது பேராசிரியருக்குக் கடும் காய்ச்சல். இரண்டாவது, மருந்து மயக்கத்தில் எழுதியது. இப்போது தெளிந்துவிட்டார். டப்.

'வருந்துகிறோம்' என்று தொடங்கியது மூன்றாவது பதில். 'இந்த உடல்நிலையில் அவரால் வழிகாட்ட இயலாது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மாணவி வேறு பேராசிரியரிடம் மாற வேண்டும். தவறினால் நீட்டிப்பு கிடையாது.'

வேறு பேராசிரியர் என்றால் வேறு ஆய்வகம், வேறு பூஞ்சை, மறுபடி முதலிலிருந்து. டுல்மா அழுத அழுகையில் ஆய்வகத்தில் ஈரப்பதம் கூடிப்போய் பூஞ்சை இரண்டு அங்குலம் வளர்ந்தது.

"அழுது என்ன ஆகப்போகுது? நேர்ல போய்த் தலைவர் முன்னாடி முட்டி போட்டு உண்மையைச் சொல்லிடு" என்றாள் இன்சூக்.

"சார் பேரு கெட்டுப்போயிடுமே அக்கா!"

"அவரு பேரைக் கெடுக்கறதுக்கு நீ புதுசா என்ன செய்யப்போற? கிளம்பு. வெறுங்கையோட போகாத, ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கோ."

வெள்ளிக்கிழமை காலை அதிவேக ரயிலேறி, பேரிக்காய்ப் பெட்டியை மடியில் வைத்து மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே சியோல் போய்ச் சேர்ந்தாள். குழு அலுவலகத்தில் காகித மலைக்கு நடுவே ஒரு கிர்கிஸ்தான் பெண் மட்டும் உட்கார்ந்து கிம்பாப் என்ற சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டிருந்தாள். தலைவர் அறை மூடியிருந்தது. கதவு திறக்கும்வரை காத்திருந்தால் தைரியம் ஆவியாகிவிடும் என்று டுல்மாவுக்குப் பயம். நின்ற இடத்திலேயே மடாரென்று முட்டி போட்டாள்.

"தலைவர்கிட்ட சொல்லிடுங்க அக்கா! குவாக் சாருக்குக் காய்ச்சலும் இல்ல, மயக்கமும் இல்ல. மூணு கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அவரு ஒரு வரிகூடப் படிக்கல!"

அந்தப் பெண் கிம்பாப்பைக் கீழே வைத்தாள். எழுந்து போய் வெளிக்கதவைச் சாத்தினாள். பிறகு திரும்பி வந்து, டுல்மாவுக்கு எதிரே தானும் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அடிப்பாவி, நீயாடி அது! தலைவர் வெளிநாடு போய் மூணு மாசமாச்சு, உனக்குப் பதில் போட்டுப் போட்டு என் ஆராய்ச்சியே நின்னு போச்சு. சரி, கண்ணைத் துடை, அனுமதிக் கடிதத்தை எப்படி ஆரம்பிக்கலாம்னு சொல்லு!"