டியூப்லைட்டை அணைத்தவள்

ஒரகடம் சாலையில் இதுவரை கவலைப்பட்ட அத்தனை பேரின் கவலையையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, எங்கள் டியூப்லைட்டின் ஒரே ஒரு வியாழக்கிழமைக் கவலையை மறுதட்டில் வைத்தால், அவள் தட்டுதான் தரையைத் தொடும்.

விஷயம் தாமதமாகப் புரிகிறவர்களைத்தான் நம் ஊரில் டியூப்லைட் என்பார்கள். இவளுக்கோ எல்லாம் சீக்கிரமே புரிந்துவிடும், நடக்காததுகூடப் புரிந்துவிடும். பெயர் வந்த கதை வேறு.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வாடகை அறையில் நானும் அவளும் தங்கியிருந்தோம். இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. செல்போன் சார்ஜர் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். நான் டிஸ்பேட்ச்சில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வெளியே போகும் பெட்டிகளைச் சரிபார்ப்பவள். அவள் இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கம். காலையில் அறையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். பஸ் ஏறியதும், இவ்வளவு இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று என்னிடம் கேட்பாள்.

அந்த வருடம் வாடிக்கையாளர் ஒரு புது ஏற்பாடு கேட்டார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர். அதற்குள் கடுகளவு சில்லு, மெல்லிய உலோகக் கோடு; பேட்டரி கிடையாது. டிஸ்பேட்ச் வாசலின் இரண்டு பக்கமும் நிற்கும் கம்பங்கள் ரேடியோ அலையை அனுப்பும். ஸ்டிக்கர் அதில் கொஞ்சத்தை மாற்றி மாற்றித் திருப்பி எறிந்தே தன் எண்ணைச் சொல்லிவிடும். தள்ளுவண்டி வாசலைத் தாண்டுவதற்குள் எல்லாப் பெட்டிகளின் எண்ணும் என் திரையில் வந்துவிட வேண்டும்.

வரவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் சில பெட்டிகள் காணாமல் போயின. வெள்ளிக்கிழமை வாடிக்கையாளரின் ஆட்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். மேனேஜர் யோசித்து, ஸ்டிக்கர் ஒட்டி வண்டி தள்ளும் ஏழுமலையின் மேல் பழியைப் போட்டார். ஏழுமலை உள்ளூர்க்காரர், காண்ட்ராக்ட் ஆள். சனிக்கிழமையிலிருந்து அவர் வேண்டாம் என்று முடிவாயிற்று.

அந்த வாசலை அமைத்தவள் எங்கள் இன்ஜினியர். அன்றிலிருந்து சாப்பாட்டைப் பிசைவாள், வாயில் வைக்க மாட்டாள். “என் வாசல் வேலை செய்யலைன்னு அந்த மனுசன வீட்டுக்கு அனுப்புதாவளே” என்று தூக்கத்தில்கூட முணுமுணுத்தாள்.

உலோகத்தில் பட்டால் அலை குழம்பும் என்று முதலில் எவர்சில்வர் டிபன் டப்பாக்களை எல்லாம் வெளியேற்றினாள். பிறகு இரும்பு பீரோ போயிற்று. பிறகு ஆண்களின் பெல்ட். கடைசியில் ஏழுமலையைத் தனியே அழைத்து, அரைஞாண் வெள்ளியா என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “கவுறுதான் மேடம்” என்றார். பெட்டிகள் அப்போதும் காணாமல்தான் போயின.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. வாசலும் என் கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸில் ஓடின. ஷட்டர் வழியாக வந்த வெளிச்சத்தில் ஏழுமலை வண்டியைத் தள்ளினார். திரையில் அத்தனை பெட்டிகளும் வந்தன. கரண்ட் வந்தது, மறுபடி சில காணவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்து அவள் அடுத்த மின்வெட்டுக்காகக் காத்திருந்தாள். மற்ற நாட்களில் கேட்காமலே வரும் மின்வெட்டு, அன்று வரவே இல்லை. பொறுக்க முடியாமல் சுவிட்ச்போர்டுக்குப் போய்த் தானே எல்லா டியூப்லைட்டையும் அணைத்தாள். பேக்கிங் பெண்கள் கூச்சல் போட்டார்கள். பெட்டிகள் சரியாக வந்தன. போட்டாள், குறைந்தன. அணைத்தாள்; சரியாயின. மாலைக்குள் தொழிற்சாலை முழுக்க அவளுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

மேனேஜர் ஓடி வந்தார். அவள் சொன்னாள்:

“சார், ஸ்டிக்கரு திருப்பி எறியுத அலை ரொம்ப மெலிசு. இந்தப் புது எலக்ட்ரானிக் சோக்கு போட்ட லைட்டு கண்ணுக்குத் தெரியாம அணைஞ்சு அணைஞ்சு எரியுது. அதும் அதே அலையத் திருப்பி எறியுது. பக்கத்துல இவ்வளவு சத்தம் போட்டா, மெலிசாப் பேசுதவ குரல் எப்படிக் கேக்கும்?”

“அதுக்கு வெள்ளைக்காரன இருட்டுல நிக்க வெக்கணுமா?” என்றார் அவர். புதிதாக மாட்டிய விளக்குகளைக் கழற்ற விடவில்லை. வாசல் பக்கத்தில் மட்டும் அணைத்துவிட்டு, ஒயரில் குண்டு பல்பு கட்டச் சொன்னார். டிஸ்பேட்ச் வளைகாப்பு வீடுபோல மஞ்சளாகிவிட்டது. அவளுக்கு உடனே புதுக் கவலை பிடித்தது: யாராவது மறந்துபோய் சுவிட்சைத் தட்டிவிட்டால்?

வெள்ளிக்கிழமை செம்பரம்பாக்கம் பக்கமிருந்து மேகம் கறுத்து வந்தது. அவள் காலையிலேயே ஸ்டூலைப் போட்டு சுவிட்ச்போர்டுக்குக் காவல் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குடித்தால் எழுந்து போக வேண்டி வருமாம். விருந்தாளிகள் வந்தார்கள். ஏழுமலை வண்டியோடு வாசலை நெருங்கினார். உள்ளே மங்கலாக இருந்ததைப் பார்த்த மேனேஜர், பழக்க தோஷத்தில் நேராகப் போய் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

அவள் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “விட மாட்டேன் சார்.”

வண்டி வாசலைத் தாண்டும்வரை விடவில்லை. இது இந்த ஊர் வரவேற்பு முறைபோல என்று நினைத்த வெள்ளைக்காரர் ஒருவர், பக்கத்தில் வந்து தன் கையையும் நீட்டினார். அவள் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கை எதைத் தட்டுமோ, யார் கண்டது.

திரையில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. நான் கத்திச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. “கையால ஒருக்கா எண்ணிப் பாருட்டி” என்றாள். ஏழுமலை ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு எண்ணினார். சரியாக இருந்தது.

விருந்தாளிகள் போனபின் அவர் மேனேஜர் முன்னால் போய் நின்றார். “சார், நா நாளைக்கு வரலாமா?”

மேனேஜர் கையைத் தடவிவிட்டுக்கொண்டே, “வராம எங்க போவ?” என்றார்.

கேன்டீனில் அன்று அவள் மூன்று பேர் சோற்றைச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும், இவ்வளவு சாப்பிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று கேட்டாள்.

மறு வருடம் பெங்களூருக்கு வேலை மாறிப் போனாள். நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குக் குடிவந்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். போன மழைக்காலத்தில் போன் செய்தாள். “செம்பரம்பாக்கம் ஏரி நிறைஞ்சிட்டாமே, டிவியில சொல்லுதான். நீ மாடியிலதான இருக்க?”

எங்களுடையது தரைத்தள வீடு.

“மாடியிலதான் இருக்கேன், நீ தூங்கு” என்றேன்.