கச்சேரியில் லயம் தவறியவர்

ஒரு மனிதன் எங்கே வேண்டுமானாலும் உளறலாம். பெண் கேட்ட இடத்தில் மட்டும் உளறக் கூடாது. நான் அங்கேதான் உளறினேன். அதுவும் பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இலக்கியமாக உளறினேன்.

அப்போது நான் இலங்கையில், குருவிட்டைக்குப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகை. ஆசிரியர்கள் என்பது நான். அதே தோட்டத்தில் பிறந்து, இரத்தினபுரியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுத் திரும்பியவன் ஆகையால், தலைக்கனத்துக்குக் குறைவில்லை. (தொப்பி வாங்கினால் பெரிய அளவாகப் பார்த்து வாங்கவேண்டும் என்று பிற்பாடு எஸ்தர் சொன்னாள்.)

எஸ்தர் இரத்தினபுரியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பாள். அந்த ஆர்மோனியத்துக்காகவே நான் ஒரு பூசை விடாமல் போனேன் என்பது கர்த்தருக்குத் தெரியும். அவள் அப்பா அந்தக் கோயிலின் உபதேசியார். நான் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காசிம் நானாவின் துணிக்கடை மாடியில் வாசிப்புச் சங்கம் கூடுகிறதே, அங்கே பையன் ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசட்டும், கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லியனுப்பினார். மருமகன் என்ன சம்பாதிக்கிறான் என்பதைவிட, படித்தது அவனுக்குப் புரிகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். அப்படியும் ஒரு மாமனார் உலகத்தில் இருந்தார்.

நானா மெட்ராசிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை வரவழைப்பார். அதில் வந்த ஒரு கதையை எனக்கென்று குறித்துக் கொடுத்தார். நாலு பக்கம்தான். மாணிக்கம் என்று ஒரு கிழவர். வாத்தியம் வாசிக்கிறவர். 'லயத்திலேயே பிறந்து லயத்திலேயே வளர்ந்தவர்' என்று கதை தொடங்குகிறது. அவர் மனைவி இறந்துபோகிறாள். காரியம் முடிந்த கையோடு கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறார். 'அன்று கச்சேரியில், வாழ்நாளில் முதல் தடவையாக, மாணிக்கம் லயம் தவறினார்.' எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்.

இதில் உங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. எனக்கும் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் லயம் என்றால், வரிசையாகக் காம்பரா கட்டி ஆட்களைக் குடிவைத்திருக்கும் இடம். எங்கள் ஜில்லாவில் கச்சேரி என்றால், இரத்தினபுரியில் ஏஜென்ட் துரை உட்கார்ந்திருக்கும் அரசாங்கக் காரியாலயம். வாத்தியம் என்றால், விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அடிக்கிற தப்பு. பாட்டுக் கச்சேரி என்ற ஒன்றை நான் அதுவரை கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. தாளத்தோடு லயம் என்று ஒன்று சேர்ந்து வருமென்று யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை. மெட்ராசில் இருந்துகொண்டு எங்கள் தோட்டத்தைப் பற்றி இவ்வளவு உருக்கமாக ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று பூரித்துப்போனேன். படித்துவிட்டு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிறுகதையில் கரு, பாத்திரம், குறியீடு என்று மூன்று உண்டென்று அதே பத்திரிகையில் ஒரு கட்டுரை இருந்தது. மூன்றையும் பிடித்துக்கொண்டேன். இறப்பர் மரங்களுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். அவை ஒரு குறையும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே பெஞ்சு போட்டிருந்தார்கள். டவுன் கிளாக்கர்மார், உபதேசியார், ஓரத்தில் எஸ்தரும் அவள் அம்மாவும். நான் எழுந்தேன். கதையின் கரு, சாவு வீட்டுக்காரனையும் விடாமல் கச்சேரிக்கு இழுக்கும் அரசாங்கத்தின் கல்நெஞ்சு என்றேன். பாத்திரம் மாணிக்கம். தோட்டம் முழுவதையும் தப்படித்து எழுப்புகிறவர், தன் வீட்டில் கண் மூடியவளை எழுப்ப முடியாமல் போனவர் என்றேன். கச்சேரியில் துரை 'எந்த லயம்?' என்று கேட்க, துக்கத்தில் அவர் லயத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார், அதனால்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று விளக்கினேன். குறியீட்டுக்கு வந்தேன். அந்த உறை இருக்கிறதே, அது துரைமார் கட்டிப்போட்ட எங்கள் வாய் என்று முழங்கினேன்.

பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள். இன்னொருவருக்கும் இருமல் வந்தது. உபதேசியார் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். எல்லோரும் கலங்கிவிட்டார்கள் என்று நினைத்து நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

காசிம் நானா நல்ல மனிதர். அதற்கு மேல் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தம்பி," என்றார் மெதுவாக, "அது பாட்டுக் கச்சேரி. லயமெண்டா தாளம்."

மாடி அதிர்ந்தது. ஒரு கிளாக்கர் சீத்தைத் துணிக்கட்டின்மேல் சாய்ந்து சிரித்தார். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கல்யாணம் கையை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்தபின் பயப்பட என்ன இருக்கிறது?

"எனக்குத் தாளம் தெரியாதுங்க," என்றேன். "லயம் தவறுறது தெரியும். எங்கம்மா செத்த மறுவாரம், எங்கப்பா பால்வெட்டிட்டு வந்து, எங்க லயத்த விட்டுட்டு, மேல்லயத்துல வேற யாரோ வீட்டுக்குள்ள போயி உக்காந்துட்டாரு. பொறந்ததுலேருந்து அந்தத் தோட்டத்துலயே இருக்கிறவரு. அந்த வீட்டுக்காரங்க ஒண்ணும் கேக்காம சோறு போட்டாங்க. இந்தக் கதையப் படிச்சப்ப அவரத்தான் நெனச்சேன்."

சிரிப்பு நின்றுபோயிற்று. நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் எஸ்தர் எழுந்தாள். அந்தச் சங்கத்தில் அதுவரை ஒரு பெண்ணும் வாய் திறந்ததில்லை.

"எழுதினவரு தாளத்த நெனச்சுத்தான் எழுதியிருக்காரு. அதுல இவங்க சொன்னது தப்புதான்," என்றாள். "ஆனா அந்தக் கெழவரு ஏன் தவறுனாருன்னு இவங்களத் தவிர இங்க யாரும் யோசிக்கல. கூடவே இருந்த ஆளு இல்லேன்னா, எங்க வந்து சேரணும்னு தெரியாமப் போயிடுது. தாளத்துக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எத்தனையோ பண்டிதர்கள் எத்தனையோ கதைகளைப் பிரித்து மேய்ந்து கேட்டிருக்கிறேன். இதைவிடச் சரியாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. கருவும் பாத்திரமும் குறியீடும் அதில் இருந்தன. அந்த வார்த்தைகள்தான் இல்லை. நான் அவளை ஆர்மோனியத்துக்காக விரும்பியவன். அன்று மாடிப்படி இறங்கும்போது, அவளுக்கு நான் எந்த விதத்திலும் பொருத்தமில்லை என்று தெரிந்துகொண்டு, முன்னைவிட அதிகமாக விரும்பினேன்.

உபதேசியார் படியடியில் என்னை நிறுத்தினார். "சங்கீதம் ஒங்களுக்கு வராது," என்றார். "பரவாயில்ல. அத அவ பாத்துக்குவா." அதுதான் எங்கள் நிச்சயதார்த்தம்.

கல்யாணத்துக்குப் பிறகு டவுனில் குடியேறினோம். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்: "லயம் தவறாம வந்துட்டீங்களா?" பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். பென்ஷன் விஷயமாக நிஜக் கச்சேரிக்குப் புறப்பட்டால், "அப்பா, தப்ப எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்காத பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை. மருமகன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பாடே போடுவார்கள்.

ஒரு வருஷம் எஸ்தர் நோயில் விழுந்து கொழும்பு ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தாள். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், நான் வீடு வந்து கதவைத் தள்ளி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டக் கையை நீட்டினேன். சுவரில் ஆணி இல்லை. "மாத்தயா, உங்கள் வீடு அடுத்தது," என்று பக்கத்து வீட்டு சோமாவதி அம்மா சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

எஸ்தர் குணமாகி வந்ததும், ஒரு சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த சட்டையை வாங்கி, எங்கள் வீட்டு ஆணியில் அவளே மாட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு, வழக்கம்போலக் கேட்டாள்: "லயம் தவறாம வந்துட்டீங்களா?"