8080-இல் யார்?

பெலிக்ஸ் ‘ரன்’ பட்டனை மறுபடியும் அழுத்தினான். 8080 என்ற போர்ட்டை ஏற்கெனவே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாகக் கம்ப்யூட்டரும் மறுபடியும் சொன்னது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. வல்லிநாயகம் அண்ணாச்சியின் லாட்ஜுக்காக அவன் எழுதிய அறைப் பதிவு புரோகிராமுக்கு இன்று திறப்பு விழா. நேற்று ராத்திரியே அதை லாட்ஜ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டான். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு இதுதான் முதல் வாடிக்கை. அண்ணாச்சியின் மனைவி விடியற்காலையிலேயே கீபோர்டில் சந்தனப் பொட்டுகூட வைத்துவிட்டிருந்தார்.

“தம்பி, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஓடலேன்னா இது நமக்கு ஆகாதுன்னு அர்த்தம். திருநெல்வேலிக்காரன்கிட்ட குடுத்துருவேன், பாத்துக்கோ” என்றார் அண்ணாச்சி.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. போர்ட்டுங்கது ஒரு வாசல் மாதிரி. ஒரு ஆளுதான் நிக்க முடியும். எவனோ நிக்கான், யாருன்னு பாக்கேன்.”

“எவனா இருந்தா என்ன? வெளிய தள்ளுடே!”

எந்தப் போர்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினான். 8080-இல் ‘ஜாவா’ என்று வந்தது. ஜாவா மொழியில் எழுதிய எந்தப் புரோகிராமும் அந்தப் பெயரில்தான் தெரியும்; அதை வைத்து என்ன கண்டுபிடிக்க? ‘ஏ சுடலை’ என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பெலிக்ஸ் அதை நிறுத்தினான். கண் மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது.

வைரஸோ என்ற பயத்தில் சந்தேகப்பட்டதையெல்லாம் நிறுத்தினான். கேமராக்கள் அணைந்தன. பில் பிரிண்டர் படுத்துவிட்டது. அறையைக் காலி செய்ய வந்த சுரண்டைக் குடும்பம் பஸ் போய்விடும் என்று கத்தியது.

“வேற நம்பர் குடுத்தா என்னடே?”

“நம்பரை மாத்துனா நம்ம தென்காசி புக்கிங் ஆபீஸ்ல தொறக்காது அண்ணாச்சி.”

சென்னையில் தோற்றால் பக்கத்து நாற்காலிக்குக்கூடத் தெரியாது. இங்கே தோற்றால் சாயங்காலத்துக்குள் தென்காசி முழுக்கத் தெரிந்துவிடும். கிறிஸ்டியிடம் என்ன சொல்வது? வேலையை விட வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்ட மனைவி அவள்.

கடைசியில் ஸ்கிரிப்டையே காவலுக்கு நிறுத்தினான். 8080-இல் எவன் வந்தாலும் உடனே அடித்துத் துரத்தும். துரத்தியது. போர்ட் காலி! பெலிக்ஸ் ஆசை ஆசையாகத் தன் புரோகிராமை ஓட விட்டான். காவல்காரன் அதையும் அடித்துத் துரத்தினான்.

ராகு காலம் பிறந்தது.

“போதும் தம்பி, எடுத்து வையி” என்றார் அண்ணாச்சி. குரலில் கோபம்கூட இல்லை. பெலிக்ஸ் எழுந்து தன் பையை எடுத்தான்.

அப்போது அண்ணாச்சியின் போன் அடித்தது. தென்காசி ஆபீஸில் லாட்ஜுக்குப் புக்கிங் எடுக்கும் ஜெயபிரியா. ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணாச்சி, மதினி விடியக்காலயிலயே நல்ல நேரம் பாத்து புது புரோகிராமை ஓட விட்டுட்டாவள்லா, அப்ப இருந்தே ரூமா குடுத்துத் தள்ளுதேன். அருமையா ஓடுது, விழுந்தாலும் தானா எந்திரிச்சுக்கிடுது. ஆனா கொஞ்ச நேரமா அங்கன எவனோ உக்காந்து அதைக் கொன்னுக்கிட்டே இருக்கான், அவனை மொதல்ல வெளிய தள்ளுங்க!”